ஜப்பான் லேத்துக்கு நம்ம ஊர் கரண்ட் கொடுக்கும்போது

ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டில் வரும் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) பெரும்பாலும் மூன்று ஃபேஸ் 200 வோல்ட். நம் ஒர்க்‌ஷாப் லைன் 415. நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், சறுக்குவது அதற்கப்புறம்தான்.

முதலில் பேனல் கதவிலுள்ள நேம் பிளேட்டைப் படியுங்கள். 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கவலையில்லை. டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 என்பதால் பல மெஷின்கள் இரண்டுக்கும் பொருந்தும்படியே வருகின்றன. 60 மட்டும் இருந்தால் கவனம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், நம் லைனின் 50 ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும். டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் யூனிட்) இல்லாமல் நேராக லைனில் ஓடும் ஹைட்ராலிக், கூலன்ட் மோட்டார்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 220 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு இங்கே சரியான அளவு 183 வோல்ட். அதைவிடக் கூடக்கூட, லோடு இல்லாமலே சூடேறும்.

பிளேட்டில் 40 ஆம்பியர் என்றால் 1.732 × 200 × 40, கிட்டத்தட்ட 14 கேவிஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் லோடின் அளவு; 1.732 என்பது மூன்று ஃபேஸ் கணக்குக்கான எண்). ஸ்பிண்டில் வேகமெடுக்கும்போது இழுப்பதற்கு இடம்விட்டு 20 கேவிஏ வாங்குங்கள்: பிரைமரி (லைன் பக்க வைண்டிங்) டெல்டா என்ற முக்கோண இணைப்பு, செகண்டரி (மெஷின் பக்க வைண்டிங்) ஒரே நடுப்புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பு, காப்பர் வைண்டிங், பிரைமரியில் 400, 415, 440 டேப் (வரும் வோல்டேஜுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு). விலை குறைவென்று ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாதீர்கள். அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வைண்டிங்தான்; அந்தப் பொது வைண்டிங் அறுந்தால் லைன் வோல்டேஜ் அப்படியே டிரைவுக்குள் ஏறும்.

பிரைமரிக்கு 32 ஆம்பியர் 'டி' கர்வ் எம்சிபி (ஆன் செய்யும் நொடியில் பாயும் அதிகக் கரண்டைத் தாங்கும் வகை பிரேக்கர்), 6 ஸ்கொயர் எம்எம் காப்பர். 'சி' கர்வ் போட்டால் ஆன் செய்யும்போதே அடிக்கடி டிரிப் ஆகும். பழி டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழும். செகண்டரிக்கு 63 ஆம்பியர், 16 ஸ்கொயர் எம்எம்.

செகண்டரி ஸ்டார் பாயின்டை (நடுப்புள்ளி, அதாவது நியூட்ரல்) கட்டாயம் எர்த் செய்யுங்கள். செய்யாவிட்டால் ஒரு ஃபேஸ் பாடியில் பட்டாலும் பிரேக்கர் விழாது. அந்த நியூட்ரலில் 115 வோல்ட் கிடைக்கிறதே, 100 வோல்ட் லைட்டுக்கு ஆகுமே என்று இழுக்காதீர்கள். அதற்கு மெஷினுக்குள்ளேயே தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்.

மெஷினை இணைக்குமுன் செகண்டரியில் மூன்று ஃபேஸ் ஜோடியையும் மீட்டரில் பாருங்கள். லோடு குறையும் இரவில் லைன் வோல்டேஜ் ஏறும், அப்போதும் ஒருமுறை பார்த்து டேப்பை முடிவு செய்யுங்கள்.

கடைசியில் ஃபேஸ் வரிசை. புது ஏசி டிரைவ்களுக்கு வரிசை மாறினாலும் கவலையில்லை. ஸ்பிண்டில் சரியாகவே சுற்றும், அதுதான் ஏமாற்றும். ஹைட்ராலிக் பம்ப் மட்டும் தலைகீழாக ஓடி, எண்ணெய் இழுக்காமல் உலர்ந்து தேயும். பம்பை ஒரு நொடி தட்டிவிட்டு, மோட்டார் ஃபேன் அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா, பிரஷர் கேஜ் முள் எழுகிறதா பாருங்கள். இல்லையென்றால் மெயினை ஆஃப் செய்து, மெஷினுக்குள் வரும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். மோட்டார் டெர்மினலில் மாற்றினால் கூலன்ட் பம்ப் பழையபடியே தலைகீழாக ஓடும்.