பூவரசங் கதியால்: மரத்தை அறிவதும் நடுவதும்

பூவரசை அரசு என்று நினைத்துவிடுகிறவர்கள் இப்போது கனபேர். இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். அரசில் வெள்ளைப் பால் வரும், பூவரசில் வராது. அரசிலையின் நுனி வால் போல நீளும். பூவரசிலை கூராக முடிந்துவிடும்.

விடுமுறைக்கு வந்த கனடா மருமகன் வல்லிபுரம் போகிற வழியில் வேலியைப் பார்த்து, "மாமா, இது பொப்லர்தானே?" என்றான். அவனிலும் பிழையில்லை, இலையின் வடிவம் அப்படி. ஆனால் அங்கே அவன் பார்க்கிற பொப்லரின் இலை ஓரத்தில் பல் இருக்கும். பூவரசின் ஓரம் வெட்டில்லாமல் வழுவழுவென்று இருக்கும். பூத்திருந்தால் சந்தேகமே வராது: காலையில் வெளிர் மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு, பின்னேரம் முழுப் பூவும் சிவந்து வாடும். பச்சைக் காயைக் கீறினால் மஞ்சள் பிசின் நகத்தில் ஒட்டும்.

சரி, கதியாலுக்கு, அதாவது வேலிக்காக நட்டு வேர் பிடிக்க விடுகிற பச்சைத் தடிக்கு, வருவோம். மாரி தொடங்குகிற ஐப்பசிதான் நல்ல காலம். வளவுக்காரரைக் கேட்டு, மணிக்கட்டுப் பருமனில் முற்றிய, நேரான கொப்பாக வெட்டுங்கள். ஐந்தாறு அடி போதும். கத்தி கூராக இருக்கவேண்டும். பட்டை நைந்தால் அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். அடியைச் சாய்வாக வெட்டி, இலைகளைக் கழித்து, நுனியில் சாணி அப்பிவிடுங்கள். எது அடி, எது நுனி என்று மாறிப்போகாமல் அடுக்கி வையுங்கள்.

கதியாலை மண்ணில் குத்தி இறக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. அடிப்பட்டை உரிந்துவிடும். அலவாங்கால் ஒன்றரை அடிக்குக் குழி போட்டு, கதியாலை இறக்கி, மண்ணைப் போட்டுக் காலால் நன்றாக மிதியுங்கள். உள்ளே காற்று நிற்கக் கூடாது. கடற்கரை மணலிலும் உப்புக் காற்றிலும் பூவரசு வரும். நட்ட பிறகு கதியாலைத் தொடவே வேண்டாம். தளிர் கண்டவுடன் வேர் பிடித்துவிட்டதா என்று ஆட்டிப் பார்ப்பார்கள் சிலர். அந்தத் தளிர் தடியில் இருக்கிற சத்தில் வந்தது. கீழே இளவேர் இருந்தால் ஆட்டுகிற ஆட்டில் அறுந்துபோகும்.

வேலிக்கும் ஆட்டுக்குக் குழை வெட்டுவதற்கும் கதியால் போதும். தளபாடத்துக்கு நேரான மரம் வேண்டுமென்றால் விதைதான் நல்லது. காய்ந்த காயை உடைத்து, விதையின் தோலை அரத்தில் லேசாக உரசி, ஒரு இரவு ஊறவைத்து மணல் கலந்த மண்ணில் போடுங்கள். கன்று ஆள் உயரம் தாண்டும் வரை ஆடு எட்டாமல் சுற்றி அடைத்து வையுங்கள்.