குரூப்ல வாக்குவாதமா? பதிலுக்கு முன்னாடி ஒரு வரி

வாட்சாப் குரூப்ல யார்கூடயாவது கருத்து மோதுச்சுன்னா, பதில் அனுப்பறதுக்கு முன்னாடி போன் நோட்ஸ்ல ஒரே ஒரு வரி டைப் பண்ணுங்க: "எதைக் காட்டினா நான் என் கருத்தை மாத்திக்குவேன்?" அப்புறம் அவங்க சொன்னதை உங்க வார்த்தையில எழுதி "இதைத்தானே சொல்ல வர்றீங்க?"ன்னு கேளுங்க.

ஏன்னா நாலு பேர் முன்னாடி ஒண்ணை அடிச்சு சொல்லிட்டா அப்புறம் தப்புன்னு தெரிஞ்சாலும் இறங்கி வர மனசு வராது, நோட்ஸ்ல எழுதினதை யாரும் பாக்கப் போறதில்ல. 2018ல மலேசியாவுல பத்துமலை முருகன் கோயிலோட 272 படிக்கும் கலர் அடிச்சாங்கல்ல, அதையே எடுத்துக்குங்க, ஒருத்தர் பாக்க அழகா இருக்குங்கறார், இன்னொருத்தர் பாரம்பரிய இடமாச்சே அனுமதி வாங்கினாங்களாங்கறார், ரெண்டும் வேற வேற கேள்வி, ஆனா ஒரே சண்டையா ஓடும். அனுமதி விஷயத்துல ஆதாரம் வந்தா மனசு மாறலாம், கலர் பிடிக்குதா இல்லையாங்கறதுல மாத்த எதுவும் இல்ல.

அதனால ரசனை விஷயத்துக்கு இந்த டிப் ஆகாது, நூடுல்ஸ் சூப்புல அசாம் லக்சாவா கறி லக்சாவான்னு பினாங்குக்காரங்ககிட்ட ஆதாரம் கேட்டு என்ன பண்றது! திட்டறதுக்குன்னே வர்றவங்ககிட்டயும் வேணாம், மியூட் பண்ணிடுங்க. பயமுறுத்தற ஃபார்வர்ட் மெசேஜா இருந்தா விவாதமே வேண்டாம், நேரா செபெனார்ஞா டாட் மை (sebenarnya.my) போய் தேடுங்க, வதந்தி உண்மையா பொய்யான்னு சொல்ற தளம், மலேசிய அரசாங்கம் 2017ல ஆரம்பிச்சது, பெரும்பாலும் மலாய்லதான் இருக்கும்.