வீட்டிலிருந்தே வாடகைச் சாமான்: தொடங்கும் முறையும் நடத்தும் முறையும்

வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, பதினாறாம் நாள் காரியம் ஆகியவற்றுக்கு அறுபது எழுபது பேரை அழைக்கும் குடும்பத்துக்கு மண்டபம் தேவைப்படாது, ஆனால் வீட்டுச் சமையலறையில் உள்ள பாத்திரங்களும் போதாது. கடைத்தெருவில் உள்ள பெரிய வாடகைக் கடைகள் இருநூறு நாற்காலியும் சாமியானாப் பந்தலுமாகக் கேட்பவர்களுக்கே முதலிடம் கொடுக்கும் என்பதால், இரண்டு அண்டாவும் முப்பது நாற்காலியும் கேட்டு வருபவர் பெரும்பாலும் அலைய வேண்டியிருக்கிறது. வீட்டில் ஓர் அறையையோ மாடிப்படிக்குக் கீழுள்ள இடத்தையோ ஒதுக்கக்கூடிய ஒருவர் பகுதிநேரத் தொழிலாக இறங்குவதற்கு ஏற்ற இடம் இதுதான்.

முதலில் கடைக்குப் போகாமல் பரணில் ஏறிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான வீடுகளில் திருமணச் சீராக வந்த பித்தளை அண்டா, தவலை, குண்டா, தாம்பாளம் போன்றவை வருடத்துக்கு ஒரு முறைகூட இறங்காமல் இருக்கும். அவற்றில் அம்மாவின் நினைவாக வைத்திருப்பவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும், ஏனெனில் ஒடுங்கி வந்தால் மனம் வருந்தும் பொருளை வாடகைக்கு விடுபவர் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரிடம் சண்டைக்கு நிற்பார். மீதியுள்ளவற்றுடன் எவர்சில்வர் சாம்பார் வாளிகள், ஜல்லிக்கரண்டி, அன்னக்கரண்டி, பெரிய வடிதட்டு, மூடிகள், முப்பது நாற்காலிகள், நான்கு மடக்கு மேசைகள், இரண்டு ஜமக்காளங்கள் என்று சேர்த்தால் தொடங்கிவிடலாம். ஜமக்காளத்தைப் பொறுத்தவரை, ஈரோட்டு மாவட்டத்துப் பவானிக் கைத்தறி ஜமக்காளம் விலை கூடுதலானாலும், முரட்டுத்தனமாகப் புழங்கும் இந்தத் தொழிலில் நீடித்து உழைக்கும்.

எதை எவ்வளவு வாங்குவது என்பதைப் பஞ்சாங்கத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளில் ஊரே நாற்காலி கேட்கும், மறுநாள் முப்பது நாற்காலியும் சுவரோரம் அடுக்கியபடி இருக்கும். ஆகையால் முகூர்த்த நாளின் நெருக்கடியைப் பார்த்து ஆசைப்பட்டு நூறு, நூற்றைம்பது என்று வாங்கிக் குவிப்பது தவறு; அன்றைக்கு இல்லை என்று சொல்லிவிடுவதே மேல். ஆடியில் திருமணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவதற்குப் பெரிய அண்டாக்கள் வேண்டியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் அன்னதானத்துக்கும் பஜனைக்கும் அண்டாவும் ஜமக்காளமும் போகும். நாற்காலி தூங்கும் மாதங்களில் அண்டா தூங்காது என்பதால், கையில் இருக்கும் பணம் குறைவாக இருந்தால் பாத்திரத்தில் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முகூர்த்தத்தோடு தொடர்பே இல்லாத பொருள்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டால் வருமானம் சீராக இருக்கும். எலும்பு முறிந்து வீடு திரும்புபவருக்குச் சக்கர நாற்காலியும் வாக்கரும் ஆறு வாரமோ இரண்டு மாதமோ போதும், அதற்காக யாரும் விலைக்கு வாங்க விரும்புவதில்லை. வெள்ளையடிக்க அலுமினிய ஏணியும், திரைச்சீலைக் கம்பி மாட்ட டிரில்லிங் மெஷினும், பலகாரத்துக்கு மாவரைக்க டில்டிங் கிரைண்டரும் இதே வகையைச் சேர்ந்தவை.

வாடகையை நிர்ணயிக்க நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளியது. வாங்கிய விலையை எத்தனை முறை வெளியே போய் வந்தால் எடுக்க முடியும் என்று பார்ப்பேன். அறுநூறு ரூபாய் நாற்காலிக்குப் பத்து ரூபாய் வாடகை என்றால் அது 60 முறை போய்வர வேண்டும். மாதத்துக்குச் சராசரியாக இரண்டரை முறை போனால் போட்ட பணம் திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆகும். 7,000 ரூபாய்ச் சக்கர நாற்காலியை மாதம் 700 ரூபாய்க்கு விட்டால், தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்பட்சத்தில், பத்து மாதத்தில் முதல் வந்துவிடும். உங்கள் ஊர் விலைக்கும் வாடகைக்கும் ஏற்ப எண்கள் மாறலாம், ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் எதையும் வாங்கக் கூடாது. ‘ஒரு நாள்’ என்பது எது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்: விழாவுக்கு முதல் நாள் மாலை எடுத்து, விழா முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் கொண்டுவந்தால் ஒரு நாள் வாடகை என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். குட்டியானை வண்டிச் செலவு யாருடையது, மாடி ஏற்றி இறக்குவது யார் என்பவையும் அப்போதே பேசப்பட வேண்டியவை.

இத்தொழிலில் நட்டம் வருவது அண்டாவால் அன்று; அண்டாவைத் தொலைக்க யாராலும் முடியாது. கரண்டியும் மூடியும்தான் காணாமல் போகும். பந்தி முடிந்த அவசரத்தில் மிச்சச் சாம்பாரை ஊற்றிக்கொடுத்த தூக்குவாளி உறவினர் வீட்டோடு போய்விடும், ஜல்லிக்கரண்டி எச்சில் இலைக் குவியலோடு குப்பைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வோர் உருப்படியிலும், கரண்டியின் காம்பு உட்பட, உங்கள் பெயரின் முதலெழுத்துகளையும் வரிசை எண்ணையும் பாத்திரக் கடையில் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்டில் எழுதினால் நாலைந்து முறை சபீனா போட்டுத் தேய்த்ததும் போய்விடும். மூடிக்கு அதன் அண்டாவின் எண்ணையே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு அண்டாவும் நான்கு மூடியும் சரியாக வந்து, ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் வேடிக்கையைக் காண்பீர்கள்.

கொடுக்கும்போது தரையில் துணியை விரித்து, சில்லறைச் சாமான்களைப் பத்துப் பத்தாக வைத்து, வாங்க வந்தவரையே வாய்விட்டு எண்ணச் சொல்லி, இரட்டைப் பிரதி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ஒடுக்கு, விரிசல் ஆகியவற்றையும் அதே தாளில் எழுதிக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பின்னால் வரும் பேச்சைக் குறைக்கும். திரும்பி வரும்போதும் அவர் நின்றுகொண்டிருக்கையிலேயே எண்ண வேண்டும். தொடக்கத்தில், தெரிந்தவர்தானே என்று துக்க வீட்டிலிருந்து மடித்து வந்த ஜமக்காளத்தைப் பிரிக்காமல் அப்படியே அடுக்கில் வைத்துவிட்டேன். உள்மடிப்பில் ஈரம் இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்துப் பிரித்தபோது கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்து நெடியடித்தது, யாரிடமும் கேட்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்தத் துணிச் சாமானையும் பிரித்துப் பார்த்து, ஒரு வெயில் காட்டிய பிறகே உள்ளே வைக்கிறேன்.

முன்பணம் பொருளின் விலையில் பாதியாவது இருக்க வேண்டும் என்று சொல்லலாம், ஆனால் அக்கம்பக்கத்தாரிடம் அது நடைமுறைக்கு ஒத்துவராது. தெரிந்தவர்களிடம் வாடகையை முழுவதும் முன்னதாக வாங்கிக்கொண்டு, தொலைந்தால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியலை ரசீதின் பின்புறம் அச்சிட்டுக் கொடுப்பதே போதும். புதியவரிடம் ஆதார் அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்வது முறையன்று. முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலும் ஊரில் இருவருக்கும் தெரிந்த ஒருவரின் பெயரும் இருந்தால் போதுமானது.

சட்டத்தில் இது, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு முதல் சொல்லப்படும் ஒப்படைப்பு (திருப்பித் தர வேண்டும் என்று பொருளைக் கொடுப்பது) என்ற வகையில் வரும். எடுத்துச் சென்றவர் தன் சொந்தப் பொருளைக் கவனிக்கும் சாதாரண விவேகமுள்ள மனிதரைப் போல அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. பலர் கவனிக்காதது 150-ஆம் பிரிவு: வாடகைக்குக் கொடுத்த பொருளில் இருந்த குறையால் எடுத்தவருக்குத் தீங்கு நேர்ந்தால், அக்குறை கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அவரே பொறுப்பு. ஏணியின் ரப்பர் அடி தேய்ந்திருப்பதும், கிரைண்டர் வயர் வெடித்திருப்பதும், சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்காமல் இருப்பதும் அப்போது உங்கள் தலையில் விடியும் என்பதால், இவற்றை ஒவ்வொரு முறையும் நீங்களே சோதித்த பிறகு கொடுங்கள். கேஸ் அடுப்பை வாடகைக்கு விடலாம், ஆனால் வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அதேபோல, வெள்ளை எண் பலகை போட்ட சொந்த இருசக்கர வாகனத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

பித்தளைப் பாத்திரத்தில் ஈயப் (வெள்ளீயப்) பூச்சு போயிருந்தால் புளியும் தயிரும் பட்டுக் களிம்பேறும், உணவு கெடும். உள்பக்கம் மஞ்சள் தெரியத் தொடங்கியதும் ஈயம் பூசக் கொடுத்துவிட வேண்டும், அதுவரை வெந்நீர் வைக்க மட்டும் என்று சொல்லிக்கூடக் கொடுக்க வேண்டாம், ஏனெனில் வாங்கிச் சென்றவர் சொன்னாலும் சமையல்காரர் கேட்கமாட்டார். சைவச் சமையலுக்கும் அசைவச் சமையலுக்கும் தனித்தனித் தொகுதிகள் வைத்து, ஒரு தொகுதியில் மட்டும் எண்ணுக்கு முன் ஒரு புள்ளி வெட்டிக்கொள்வது அவசியம். எடுப்பவரிடம் எந்தக் குடும்பம், என்ன விசேஷம் என்று துருவாமல், என்ன சமைக்கப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்பதும் உதவும்: ஒரு கிலோ அரிசிச் சோறு எட்டுப் பத்துப் பேருக்குக் காணும் என்ற கணக்கில் நீங்களே சரியான அண்டாவைக் காட்டினால், அடுத்த முறை அவர்கள் வேறிடம் போகமாட்டார்கள்.

சேவையாகச் செய்யப்படும் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஆனி முடிவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், நோட்டைப் புரட்டி எந்த உருப்படி எத்தனை முறை போயிருக்கிறது என்று எண்ண வேண்டும். மூன்று முறைகூடப் போகாததை விற்றுவிடலாம். காலில் வெடிப்பு விட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டு போட்டு ஓட்டாமல் உடனே கழித்துவிடுங்கள், பழைய சாமான்காரர் அதற்குப் பெரிதாக ஒன்றும் தரமாட்டார். ஒடுங்கிய எவர்சில்வரும் பித்தளையும் எடைக்குப் போகும், பித்தளைக்குக் கிடைக்கும் தொகையில் பெரும்பாலும் ஒரு புது எவர்சில்வர் அண்டாவுக்கு முன்பணம் தேறிவிடும்.