தரை வீட்டில் முட்டைக்கோழி: கூண்டு, ஈரம், அண்டை வீடு

சிங்கப்பூரின் பழைய கிராமக் குடியிருப்பான கம்பத்தில் வளர்ந்த மூத்த தலைமுறையினர் கோழி வளர்ப்பை யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கோழி பகலெல்லாம் வாசலில் மேயும். பொழுது சாய்ந்ததும் தானாகக் கூடடையும். முட்டையை எந்தப் புதரில் இட்டிருக்கிறது என்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். கம்பங்கள் கலைந்து மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த வழக்கமும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று செம்பவாங்கிலோ சிராங்கூன் கார்டன்சிலோ தரை வீட்டில், அதாவது நிலத்தோடு கூடிய தனியார் வீட்டில் வசிக்கும் ஒருவர் நான்கு கோழிகள் வளர்க்க நினைத்தால், தாத்தா பாட்டியின் முறையை அப்படியே பின்பற்ற இயலாது. கோழியைப் பேணுவது இதில் எளிய பகுதிதான். கூண்டின் தரையைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதும், அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதிக்காமல் இருப்பதுமே உண்மையான வேலை.

முதலில் சட்டம். வீவக வீடுகளில் கோழி, வாத்து முதலியவற்றை வளர்க்க அனுமதி இல்லை. தனியார் வீடுகளில், விற்பனை நோக்கமின்றிச் செல்லப்பிராணிகளாக 10 கோழிகள் வரை வளர்க்கலாம். ஆனால் அவற்றை வெளியில் திரியவிடாமல், மற்ற பறவைகள் உள்ளே புக முடியாதபடி வலையும் கூரையும் அமைந்த கூண்டில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் பறவைக் காய்ச்சல். அந்நோய்க் கிருமி காட்டுப் பறவைகளின் எச்சத்தின் வழியாகவும் வீட்டுக் கோழிகளை வந்தடையக் கூடியது என்பதால், கூரையில்லாத வலைக்கூண்டு போதுமான பாதுகாப்பாகாது. 2019 ஏப்ரல் முதல் இவ்விவகாரங்களைத் தேசியப் பூங்காக் கழகம் கவனித்துவருகிறது. நோய் நிலவரத்துக்கேற்ப விதிகள் மாறக்கூடும் என்பதால், கோழி வாங்கும் முன் கழகத்தின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கொண்டோமினியத்தின் தரைத்தளத்தில் சிறு தோட்டம் உடையவர்கள் நிர்வாகக் குழுவின் விதிகளையும் கேட்டறிய வேண்டும். ஜோகூரிலிருந்து காரில் நான்கு குஞ்சுகளைக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். அனுமதியின்றி உயிருள்ள பறவைகளைக் கொண்டுவருவது குற்றம்.

பத்து வரை அனுமதி உண்டு என்பதற்காகப் பத்தையும் வாங்க வேண்டியதில்லை. கோழி கூட்டமாக வாழும் பிராணி என்பதால் ஒன்றைத் தனியாக வளர்ப்பது கொடுமை. மூன்று அல்லது நான்கு என்பது தொடங்குவதற்குப் பொருத்தமான எண்ணிக்கை. சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டைகள் முட்டையிடும். அம்முட்டைகள் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஒருநாள் வயதுக் குஞ்சுகளில் ஆண், பெண் பிரித்தறிவது பழக்கமில்லாதவர்களுக்கு அரிது என்பதால், மூன்று நான்கு மாதம் வளர்ந்த விடைக்கோழிகளாகவே வாங்கினால், விடியற்காலையில் எதிர்பாராத கூவலைக் கேட்டு விழிக்க வேண்டியிருக்காது. முட்டை வேண்டுமென்றால் பழுப்பு நிற முட்டைக்கோழி இனங்களே சிறந்தவை. பஞ்சு போன்ற இறகுகளுடைய சில்க்கியும், அரைக் கிலோவுக்கும் குறைவாகவே எடையுள்ள செராமாவும் பிள்ளைகளின் மனத்தைக் கவரும் என்றாலும், சில்க்கி அடிக்கடி அடைக்கு உட்கார்ந்துவிடும், செராமாவின் முட்டையோ ஒரு வாய்க்கு மட்டுமே போதும்.

கூண்டு

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் வேறு எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், கூண்டில் மட்டும் கூடாது என்பது என் கருத்து. இரவில் அடையும் பகுதியில் ஒரு கோழிக்கு 0.4 சதுர மீட்டரும், பகலில் உலவும் பகுதியில் குறைந்தது ஒரு சதுர மீட்டரும் தேவை. அதற்குமேல் எவ்வளவு தர முடிந்தாலும் நல்லதே, ஏனென்றால் இடநெருக்கடியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கிவிடும். கடைகளில் சுருளாக விற்கப்படும் அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, பகையை வெளியே நிறுத்தாது. சிங்கப்பூரின் தரை வீட்டுப் பகுதிகளில் மரநாய், உடும்பு, எலி ஆகியவற்றோடு மலைப்பாம்பும் சாதாரணமாக நடமாடுகிறது. மலைப்பாம்புக் குட்டி நுழைவதற்குக் குறுகிய இடைவெளியே போதும் என்பதால், 12 மில்லிமீட்டர் கண்ணுடைய பற்றவைத்த கம்பிவலையை நான்கு பக்கமும் அடிக்க வேண்டும். இந்த வலை சிட்டுக்குருவியையும் மைனாவையும்கூடத் தடுப்பதால் சட்டம் கேட்பதும் இதிலேயே நிறைவேறிவிடுகிறது. தோண்டி நுழையும் எலிகளைத் தடுக்க, வலையைத் தரைக்குள் 30 சென்டிமீட்டர் ஆழம் இறக்கலாம், அல்லது சுற்றிலும் சிமெண்டுப் பலகைகள் பதிக்கலாம். தாழ்ப்பாள் எளிதில் நழுவாததாக இருக்கட்டும். எல்லாவற்றையும் மீறி ஒருநாள் காலையில் மலைப்பாம்பு உள்ளே சுருண்டு கிடந்தால், அதை அடிக்கவோ பிடிக்கவோ முற்படாமல் தேசியப் பூங்காக் கழகத்தை அழைப்பதே முறை.

இரவில் கோழிகள் தரையில் உறங்குவதில்லை. ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் என்ற கணக்கில் உறுதியான மரக்கட்டை ஒன்றைக் குறுக்காகப் பொருத்தினால் அதில் ஏறி அமர்ந்துகொள்ளும். முட்டையிட, நான்கு கோழிகளுக்கு ஒரு பெட்டி போதும். அது கட்டையைவிடத் தாழ்வாக இல்லாவிட்டால், பெட்டிக்குள்ளேயே உறங்கி அதை எச்சத்தால் நிரப்பிவிடும்.

இனி ஈரத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்யும் தீவில், நவம்பர், டிசம்பர் மாத வடகிழக்குப் பருவமழையின்போது சாரல் கூண்டுக்குள் அடித்தால், இரண்டே நாளில் தரை சேறாகி நாற்றம் எழும். கோழி எச்சம் காய்ந்திருக்கும்வரை அவ்வளவாக நாறுவதில்லை. நனைந்த பிறகே அதிலிருந்து அம்மோனியா கிளம்பி, கோழிகளின் கண்ணையும் மூச்சையும் பாதித்து, வேலிக்கு அப்பாலும் பரவுகிறது. ஆகவே கூரை நான்கு பக்கமும் அரை மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கூண்டின் தரை சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அதன்மேல் மரச்சீவலையோ தென்னை நாரையோ காய்ந்த இலைகளையோ 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட்டு, நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றிவிட வேண்டும். தட்டில் தண்ணீர் வைத்தால் கோழிகள் கவிழ்த்துவிடும். கொத்தினால் சொட்டும் குமிழ்க்குழாய் பொருத்திய கலனே இங்கு ஏற்றது. தண்ணீரைத் தினமும் மாற்றுவதும், கூண்டைச் சுற்றி வாளி, தொட்டி எதிலும் நீர் தேங்கவிடாமல் இருப்பதும் டெங்கிப் பரிசோதனைக்கு வரும் அதிகாரிகளுக்காக மட்டுமல்ல. கோழி அம்மை நோயைப் பரப்புவதும் கொசுக்களே.

வெப்பமும் தீவனமும்

கோழிக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தும் சிறகை விரித்துமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும் நாள்களில் இவ்வாறு தொடர்ந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு உருவாவதும் பாதிக்கப்படுகிறது. வெயில் காலத்தில் முட்டை ஓடு மெலிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். மரநிழலில் கூண்டை அமைப்பது, பக்கச் சுவர்களை வலையாகவே விட்டுக் காற்றோட்டம் தருவது, குளிர்ந்த தண்ணீரை நிழலில் வைப்பது ஆகியவை போதுமானவை. வெறும் தகரக் கூரை மட்டும் வேண்டாம். அது கூண்டை அடுப்பாக்கிவிடும்.

ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் உண்ணும். முட்டையிடும் கோழிகளுக்கென்றே விற்கப்படும் தீவனத்தில் 16 விழுக்காடு அளவுக்குப் புரதமும், 4 விழுக்காட்டை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். முட்டை ஓடு ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து செலவாவதால், சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய அளவு தின்னும். வீட்டு மிச்சம் மட்டுமே போட்டு வளர்த்தால் முட்டை கிடைக்காது. முருங்கைக்கீரை, பப்பாளி, வெள்ளரி, கீரைத்தண்டு ஆகியவற்றைத் தின்பண்டமாகத் தரலாம். உப்பும் காரமும் சேர்ந்த குழம்புச் சோறு, ஊறுகாய், அவகாடோவின் தோலும் கொட்டையும், வேகவைக்காத பயறு, பச்சை நிறம் படிந்த உருளைக்கிழங்குத் தோல் ஆகியவற்றைத் தரக் கூடாது. தீவனத்தை மூடியுள்ள உலோக டப்பாவில் வைக்க வேண்டும். எலிக்கு மட்டும் அஞ்சிச் சொல்லவில்லை. இங்குள்ள ஈரக்காற்றில் திறந்த மூட்டை சில வாரங்களிலேயே பூசணம் பிடித்துவிடும், பூசணம் பிடித்த தீவனம் கோழிக்கு நஞ்சாகும்.

முட்டை வரத் தொடங்கும் நாள்

பெரும்பாலான கோழிகள் 18 முதல் 24 வார வயதில் முட்டையிடத் தொடங்குகின்றன. முதலில் சிறியதாக, சில வேளை ஓடே இல்லாமல் தோல் முட்டையாக வரும், கவலைப்பட வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்கும் சற்று கூடுதலாகவே ஆவதால், முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் பின்தள்ளிப்போய், ஒருநாள் முட்டையே வராது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும்போது கோழிகள் பல வாரங்கள் முட்டையிடுவதையே நிறுத்திவிடுகின்றன. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும் சிங்கப்பூரில் அந்தச் சிக்கல் இல்லை. பண்ணைகளில் 16 மணி நேரம் விளக்கேற்றி உச்ச அளவில் முட்டை பெறுவதைப் போன்று வீட்டில் எதிர்பார்க்கவும் முடியாது, வேண்டியதும் இல்லை. நான்கு கோழிகளிடமிருந்து நாளுக்கு இரண்டு மூன்று முட்டை கிடைத்தால் அது நல்ல கணக்கு. செவ்வாய், வெள்ளியில் முட்டை சேர்க்காத வீடுகளில் கூடையில் முட்டை தங்கிவிடும். முட்டையின் மேற்புறத்தில் கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இயற்கையாகவே இருப்பதால், சேமிக்கும் முன் கழுவாமல் துணியால் துடைத்து வைத்து, சமைக்கும் போது மட்டும் கழுவுவது நல்லது. சால்மோனெல்லா கிருமியை மனத்தில் கொண்டு, கூண்டிலிருந்து வந்ததும் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சோப்பால் கைகழுவச் செய்ய வேண்டும்.

மிஞ்சும் முட்டையை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் கோழி வந்த பிறகு கொடுக்கும் முட்டையைவிட, கோழி வரும் முன் சொல்லும் ஒரு வார்த்தைக்கே மதிப்பு அதிகம். 2017இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகள், சத்தத்தைப் பற்றிய புகார்களுக்குப் பிறகு கொல்லப்பட்டதும், அதையொட்டி எழுந்த விவாதமும் பலருக்கு நினைவிருக்கும். பெட்டைகளும் முட்டையிட்டவுடன் சில நிமிடங்கள் உரக்கக் கொக்கரிக்கும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலை ஒட்டிக் கூண்டை வைக்காமல் இருப்பதும், காலை வெளிச்சம் வரும்வரை உள்ளறைக் கதவைச் சாத்தி வைப்பதும் பாதிச் சச்சரவைத் தவிர்க்கும்.

தோட்டத்துக்குக் கோழியால் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. கிளறுவது கோழியின் பிறவிக் குணம் என்பதால், உலவும் பகுதியைக் கீரைப் பாத்தியிலிருந்து பிரித்தே அமைக்க வேண்டும். எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. பச்சையாகப் போட்டால் செடி கருகும். காய்ந்த இலைகளோடு கலந்து இரண்டு மூன்று மாதம் மட்கவைத்த பிறகு கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் இட்டால் விளைச்சலில் அதன் பயன் தெரியும்.

நோய்களில் வெள்ளைக்கழிச்சலும் இரத்தக்கழிச்சலும் அஞ்சத்தக்கவை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி நிற்பது, தீவனம் எடுக்காமை, கொண்டை வெளிறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அக்கோழியைத் தனியே பிரித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லா விலங்கு மருத்துவர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. கோழி நலமாக இருக்கும்போதே பறவை மருத்துவர் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் உறவினர் வீட்டுக் கோழிகளிடையே நடந்துவிட்டு, அதே செருப்புடன் இங்குள்ள கூண்டுக்குள் நுழையக் கூடாது. இரவில் மட்டும் வெளிவந்து இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணிகள் பகலில் மரக்கட்டையின் பொருத்துகளில் ஒளிந்திருக்கும். கைவிளக்கோடு அவ்வப்போது சோதிப்பது நல்லது. மணலும் சாம்பலும் கலந்த தொட்டி ஒன்றை வைத்தால், கோழிகள் அதில் புரண்டு பேனை ஓரளவு தாமே உதிர்த்துக்கொள்ளும்.

கடைசியாக, பலர் தொடக்கத்தில் எண்ணிப் பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. கோழி நன்றாக முட்டையிடுவது இரண்டு மூன்று ஆண்டுகள்தான். உயிர்வாழ்வதோ ஆறு முதல் எட்டு ஆண்டுகள். முட்டை நின்ற கோழியைப் பூங்காவிலோ ஊபின் தீவிலோ விட்டுவிடுவது, 10,000 வெள்ளி வரை அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்கத்தக்க குற்றம். இங்கு இயற்கையாக வாழும் செங்காட்டுக்கோழிகளோடு வீட்டுக்கோழிகள் கலந்து அந்த இனத்தின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்பதும் இன்னொரு கவலை. எனவே முதலில் நான்கு வாங்கி, முட்டை குறையத் தொடங்கும்போது மூன்றைச் சேர்த்தால், முதியவற்றையும் வைத்துக்கொண்டு பத்து என்ற வரம்புக்குள்ளேயே இருக்க முடியும். புதியவற்றை முதல் மூன்று வாரங்கள் தனிக் கூண்டில் வைத்து நோய் இல்லை என்று உறுதிசெய்து, பின்னர் ஒரு வாரம் நடுவில் வலையை மட்டும் வைத்துப் பழையவற்றோடு பார்வையில் பழகவிட்டு, அதன்பின் ஓர் இரவு, எல்லாம் உறங்கிய பிறகு மரக்கட்டையில் ஏற்றிவிட வேண்டும். சில நாள்கள் கொத்தும் துரத்தலும் இருக்கும். தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில் வைத்தால் அடிபட்டு ஒதுங்கும் கோழியும் பசியாறிக்கொள்ளும்.