மெயின்டனன்ஸ் கட்டுவதை நிறுத்தாதீர்கள்: அசோசியேஷனோடு மோதுபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி கையில் நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தான். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டில் ஃப்ளாட் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. "அண்ணா, லிஃப்ட் நின்னு அஞ்சு மாசம் ஆச்சு. அம்மாவுக்கு முட்டிவலி, நாங்க நாலாவது மாடி. அதான் மெயின்டனன்ஸ் கட்டாம வச்சிருக்கேன். இப்ப என் பேரைத்தான் டிஃபால்ட்டர்னு போர்டுல ஒட்டியிருக்காங்க" என்றான்.

கேட்டதும் வயிறு எரிந்தது, ஏனென்றால் நானும் இதையே செய்தவன். பிறகு நான்கு வருடம் எங்கள் அசோசியேஷனில் பொருளாளராக இருந்தேன், அப்போதும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதே குழியில் போய் விழுவதைப் பார்த்தேன். ரசீதை வாங்கி வையுங்கள், பணமாகக் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

சேவை சரியில்லை என்று கட்டணத்தை நிறுத்துவது

கேபிள்காரர் சேனல் தராவிட்டால் பணத்தை நிறுத்துகிறோம், அதே மாதிரிதானே இதுவும் என்று தோன்றும். இல்லை. அசோசியேஷன் என்பது உங்களையும் சேர்த்த உரிமையாளர்கள்தான். நீங்கள் நிறுத்தும் பணம் செக்யூரிட்டியின் சம்பளம், பொது மீட்டரின் கரன்ட் பில், லிஃப்ட்டின் ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை எல்லாமும்தான். ஐந்து பேர் நிறுத்தினால், நின்ற லிஃப்ட் நின்றபடியே கிடக்கும். 1983ஆம் ஆண்டின் கேரள அபார்ட்மென்ட் உரிமைச் சட்டமும், பொது வசதிகளை நான் பயன்படுத்தவில்லை என்று சொல்லி ஒருவர் பொதுச் செலவின் பங்கிலிருந்து விலக இடம் கொடுப்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். பாலக்காட்டு வெயில் தெரியும்தானே, மார்ச் ஏப்ரலில் கிணறும் போர்வெல்லும் கைவிட்டுவிடும், டேங்கர் லாரித் தண்ணீர்தான். அந்த வருடம் ஏப்ரல் கணக்கில் 41 லோடு என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்து கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். லாரி நம்பர், வந்த நேரம், டிரைவர் கையெழுத்து என்று வரிவரியாக எண்ணினால் 29தான். பன்னிரண்டு லோடு எங்கே? கேள்வி நியாயமானது, ஆதாரமும் கண்முன்னே இருந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், அந்தப் பக்கங்களை அங்கேயே படம் எடுத்து, கடிதம் எழுதி, கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், பதில் வரும்வரை ஒரு பைசா தரமாட்டேன் என்று கட்டணத்தை நிறுத்தினேன்.

பதினான்கு மாதம். பிறகு ஜெனரல் பாடி, அதாவது உரிமையாளர்கள் எல்லோரும் சேரும் கூட்டம், கூடியது. பேச எழுந்தேன். தலைவர் பைலாவை, அதாவது அசோசியேஷனின் விதிப் புத்தகத்தைத் திறந்து, மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு ஓட்டுரிமை இல்லை என்ற பத்தியை வாசித்துவிட்டு, "ஆத்யம் குடிசிக அடைக்கூ சேட்டா" என்றார். முதலில் பாக்கியைக் கட்டுங்கள் என்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று சதுர அடிக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது, என்னைப் போலவே நிறுத்தி வைத்திருந்த மூன்று பேரும் நானும் அதே அறையில் ஓட்டில்லாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மாதம் 2,100 வீதம் 29,400 ரூபாயும், நூற்றுக்கு மாதம் ஒன்றரை என்ற வட்டியில் மூவாயிரத்து முந்நூறு ரூபாய்ச் சொச்சமும் சேர்த்துக் கட்டினேன். கட்டிய கையோடு கேட் ரிஜிஸ்டரைக் கேட்டேன். பழைய பேப்பர்காரரிடம் போட்டாகிவிட்டது என்றார்கள். அந்தப் பன்னிரண்டு லோடு என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை, சரியான கேள்வியை நானே கெடுத்துக்கொண்டேனே என்பது இன்றும் ஆறவில்லை.

சரி, என்ன செய்வது? கட்டுங்கள், ஆனால் எழுதிவிட்டுக் கட்டுங்கள். பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்த அன்றே ஒரு கடிதம்: "இந்த மாதத் தொகையை ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன். லிஃப்ட் இந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை. ஏ.எம்.சி. ஒப்பந்தத்தையும் கடைசி மூன்று பில்களையும் பார்க்க வேண்டும், 15 நாளுக்குள் நேரம் சொல்லவும்." ஒரு பிரதி மெயிலில், இன்னொன்று ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில். பாக்கி இல்லாதவர் கேட்கும் கேள்வியை ஒதுக்குவது கஷ்டம்.

பதிலே வரவில்லை என்றால் நேராக வக்கீல் நோட்டீஸுக்குப் போக வேண்டாம். தாலுகா சட்டப் பணிகள் குழுவில், வழக்குப் போடுவதற்கு முன்பே ஒரு மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். அங்கே நடக்கும் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதப்பட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

பில்டர் வேறு, அசோசியேஷன் வேறு

தம்பியின் லிஃப்ட் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அவன் சாவி வாங்கி இரண்டு வருடம்தான். ரேரா என்கிற 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ, வேலையின் தரத்திலோ, சேவை வசதிகளிலோ குறை தெரிந்து எழுதிச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். லிஃப்ட் பொருத்தியதிலேயே கோளாறு என்றால் செக்ரட்டரியைத் திட்டிப் பயனில்லை, அசோசியேஷனோடு சேர்ந்து பில்டருக்கு எழுத வேண்டும். பராமரிப்பு இல்லாமல் நின்றது என்றால் அது அசோசியேஷன் பொறுப்பு. மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கிய பிறகுதான் யாரோடு சண்டை என்பதே தெரியும்.

படிக்காமல் மினிட்ஸ் புக்கில் கையெழுத்து

இது நம் தமிழ் ஆட்களுக்கென்றே உள்ள கஷ்டம். பேச மலையாளம் வரும், எழுத்து வராது. கூட்டத்தில் நடந்ததை எழுதும் மினிட்ஸ் புக்கில், வருகைக்குத்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம், மேலே தீர்மானம் எழுதியிருக்கும். எங்கள் பக்கத்து ஃப்ளாட் அக்கா பெயின்டிங்குக்கு 18,000 ரூபாய் தர இப்படித்தான் "சம்மதித்தார்". வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பக்கத்தைப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள்.

தமிழில் நோட்டீஸ் பெறுவது எங்கள் உரிமை என்று கூட்டத்தில் கத்துவதையும் பார்க்கிறேன். அரசு அதிகாரியிடம் குறை சொல்லிக் கொடுக்கும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. அது அசோசியேஷனைக் கட்டுப்படுத்தாது. இங்கே வேண்டுமானால் ஜெனரல் பாடியில் தீர்மானம் போட்டு வாங்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் கேள்வி கேட்பது

வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவது

அடிதடி, மிரட்டல் என்றால் போங்கள். கட்டணத் தகராறுக்குப் போனால் சிவில் விஷயம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பாதி கேட்பது

கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு இங்கே ஃப்ளாட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் கேட்பது இது. செக்யூரிட்டி உங்கள் கதவையும் சேர்த்துத்தான் காவல் காக்கிறார். தண்ணீருக்கு மட்டும் தனி மீட்டர் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

தம்பி திங்கட்கிழமை ஐந்து மாதப் பாக்கியையும் கட்டிக் கடிதமும் கொடுத்துவிட்டான். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கணக்குப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். ஏ.எம்.சி. கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம்.