மறந்துபோன கலைஞர்களைப் பின்னட்டை வழியாகத் தேடிப் பிடிப்பது எப்படி?

பெரிதாக விற்காமல் மறைந்துபோன கலைஞர்களைத் தேட, உங்கள் அலமாரியில் இருக்கும் எல்பி தட்டுகளின் உறைப் பின்னட்டையில் அச்சிட்ட பெயர்களே போதும். உதாரணத்துக்கு இங்கிலாந்தின் பாடகர் நிக் டிரேக். 1974-இல், 26 வயதில் இறந்தார். வெளிவந்திருந்தவை மூன்றே ஆல்பங்கள். அவர் இருந்தவரை எதுவும் சரியாக விற்கவில்லை.

1. தட்டைத் துடையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி. கலந்துகொள்ளுங்கள். அதில் மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்து, கோடு போகும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தூசியே கீறிவிடும். லேபிளில் ஈரம் படக்கூடாது. தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் அவற்றைக் கரைத்துவிடும்.

2. ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடையைச் சரிபாருங்கள். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ என்றால் 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைக்காதீர்கள். ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, பள்ளத்தின் சுவரைச் சேதப்படுத்தும்.

3. இனி பின்னட்டை. முக்கியமான வேலை இதுதான். ஒரு நோட்டில் தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், இசைக்கோர்ப்பாளர், ஸ்டூடியோ, வாத்தியக்காரர்கள் என்று கட்டம் போட்டு, பெயர்களை விடாமல் எழுதுங்கள். டிரேக்கின் முதல் ஆல்பமான 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' (1969) தட்டில் தயாரிப்பு ஜோ பாய்ட், ஒலிப்பதிவு ஜான் வுட், பெரும்பாலான வயலின் கோர்ப்பு ராபர்ட் கிர்பி, டபுள் பாஸ் டானி தாம்சன்.

இப்போது ஒவ்வொரு பெயரையும் பிடித்துக்கொண்டு நடங்கள். பாய்டும் கிர்பியும் சேர்ந்து வரும் இன்னொரு தட்டு, பாடகி வஷ்டி புன்யனின் 1970 ஆல்பம். அதுவும் விற்கவில்லை, அவர் இசையையே விட்டார். 2000-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் கேட்டது. அடுத்த ஆல்பம் 2005-இல்! டானி தாம்சனைத் தொடர்ந்தால் பாடகர் ஜான் மார்ட்டினின் 'சாலிட் ஏர்' (1973) கிடைக்கும். அதன் தலைப்புப் பாடலே டிரேக்குக்காக எழுதியது. ஒரு பெயர் இல்லாமல் போவதையும் குறித்துக்கொள்ளுங்கள்: டிரேக்கின் மூன்றாம் ஆல்பமான 'பிங்க் மூன்' தட்டில் கிர்பி இல்லை, பாய்டும் இல்லை. குரல், கிட்டார், ஒரே பாட்டில் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான்.

4. வாங்கும்போது கேட்டலாக் எண்ணை (நிறுவனம் ஆல்பத்துக்குக் கொடுக்கும் எண்) மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். டிரேக்கின் முதல் ஆல்பத்தின் ஐஎல்பிஎஸ் 9105 என்ற எண் எழுபதுகளின் மறுபதிப்பிலும் அப்படியே இருக்கும். முதல் பதிப்பின் லேபிள் முழுக்க இளஞ்சிவப்பு. பின்னால் வந்ததில் பனைமரப் படம் இருக்கும். தட்டை விளக்கடியில் சாய்த்தால், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்த எழுத்துகள் தெரியும். விற்பவரிடம் அந்த எழுத்துகளின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கி, தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்ட பிறகு விலை பேசுங்கள்.