முதலில் மலை, மறுநாள் தண்ணீர்: கோத்தகிரியில் கூடாரம், மேட்டுப்பாளையத்தில் வாட்டர் பார்க்

ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, ஒரு பகல் முழுவதும் தண்ணீரில் ஆட வேண்டும் என்று நினைக்கும் நண்பர் கூட்டத்துக்கு மேட்டுப்பாளையம் மிகவும் வசதியான இடம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடலாம். ஊரைத் தாண்டி ஊட்டி சாலையில் சிறிது தூரம் சென்றால் மலையடிவாரத்திலேயே பிளாக் தண்டர் வாட்டர் பார்க் இருக்கிறது. இன்னொரு சாலையில் திரும்பிச் சுமார் 33 கிலோமீட்டர் ஏறினால் கோத்தகிரி வந்துவிடும். சென்னையில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்பினால் திங்கட்கிழமை வேலைக்கும் போய்விடலாம்.

இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை முதல் நாள் வைப்பது என்பதைத்தான். வாட்டர் பார்க் வழியிலேயே இருப்பதால் சனிக்கிழமை அங்கே ஆடிவிட்டு, மாலையில் மலையேறிக் கூடாரம் போடலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஐந்து மணிக்குப் பூங்காவை விட்டு வெளியே வந்து, ஈரத் தலையோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, இருட்டிய பிறகு, பழக்கமில்லாத இடத்தில், செல்போன் வெளிச்சத்தில் முளை அடிக்க வேண்டியிருக்கும். நனைந்த துணிகள் மலையின் ஈரக் காற்றில் காயாமல் மறுநாள் வரை பையிலேயே கிடந்து நாறும். பகல் முழுவதும் குளோரின் தண்ணீரில் ஊறிய உடம்பு இரவுக் குளிரைத் தாங்குவதும் கடினம். எனவே சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் என்ற வரிசையே சரி என்பது என் உறுதியான கருத்து. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் முதல் இரண்டு மணி நேரம் வரிசை குறைவாகவே இருக்கும்.

புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலைகளில் தவறவே கூடாதது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். கோத்தகிரியும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். கட்டணம் இல்லை, வாகன எண்ணும் தங்குமிடமும் தேதியும் கொடுத்து இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் 2025-ஆம் ஆண்டுக் கோடை சீசனில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை போவதாக இருந்தால் தங்குமிடத்தை உறுதி செய்த அன்றே பாஸையும் எடுத்துவிடுவது நல்லது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்தைக் காவல்துறை நடைமுறைப்படுத்துவது வழக்கம். அது இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டால் ஏறும் நேரத்தைச் சரியாகக் கணக்கிடலாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுவதும் தடை இருப்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், பொதுவில் ஒரு பெரிய கேனும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூடாரம் போடும் இடம்

காட்டுக்குள் எங்கேயாவது கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. தேயிலைத் தோட்டங்களிலும் பட்டா நிலங்களிலும் நடத்தப்படும் கூடாரத் தங்குமிடங்களே நமக்கு ஏற்றவை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது புகைப்படங்களைப் பார்த்து மயங்காமல், தொலைபேசியில் சில கேள்விகளை நேராகக் கேட்டுவிட வேண்டும். சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா? தோட்டத்தின் எல்லை காட்டை ஒட்டி இருக்கிறதா? இரவுக் காவலர் உண்டா? கழிப்பறை கூடாரத்திலிருந்து எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு எரியுமா? மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்கு ஒரு கட்டடம் இருக்கிறதா? 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். காட்டு விளிம்பில் போட்ட கூடாரத் துணி எந்த விலங்கையும் தடுக்காது. எனவே காட்சி சற்றுக் குறைவாக இருந்தாலும் குடியிருப்பை ஒட்டிய இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை அங்கே இன்றும் பேசுகிறார்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கூடாரப் பயணத்தைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். ஜனவரியும் பிப்ரவரியும் குளிர் மிகுந்தவை என்றாலும் வானம் தெளிவாக இருக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றில், குளிருக்கானவற்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் உயர வேறுபாடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர்; அதனால் கீழே வியர்வை வழிய ஏறியவர்கள் மேலே ஸ்வெட்டரைத் தேடுவார்கள். இரவில் நம்மைப் படுத்துவது மேலிருந்து வரும் குளிரைவிடத் தரையிலிருந்து ஏறும் குளிர்தான். ஆகவே இரண்டாவது கம்பளியைக் கொண்டுபோவதைவிட, தடித்த ஃபோம் மேட் ஒன்றைக் கொண்டுபோவது அதிகப் பயன் தரும். தங்குமிடத்தில் கொடுக்கும் மெத்தை மெல்லியதாக இருந்தால் அதன் அடியில் ஒரு தார்ப்பாயை மடித்துப் போடலாம். குல்லா, உலர்ந்த காலுறை, ஆளுக்கொரு டார்ச் ஆகியவற்றைத் தனிப் பையில் மேலாக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கான நீச்சல் உடை, துண்டு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் வேறொரு பையில் கட்டி, வண்டியைவிட்டு இறக்காமலே வைத்துவிட்டால் இரண்டு நாட்களின் சாமான்களும் ஒன்றோடொன்று கலக்காது.

சனிக்கிழமை மேட்டுப்பாளையத்திலேயே காலை உணவை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு ஏறத் தொடங்கலாம். குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலையைக் கடப்பது வழக்கம். பலாப்பழ சீசனில் பழ வாசனைக்கு அவை சாலையோரத்திலேயே நிற்பதும் உண்டு. கண்டால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும்; ஹாரன் அடிப்பதும், இறங்கிப் படம் எடுப்பதும் கூடாது. நண்பகலில் கோடநாடு காட்சிமுனைக்குப் போனால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கையும், மேகம் இல்லாவிட்டால் பவானிசாகர் நீர்த்தேக்கத்தையும் பார்க்கலாம். ஆனால் நான்கு மணிக்குள் தங்குமிடத்துக்கு வந்துவிட வேண்டும்.

கூடாரத்துக்கு, தண்ணீர் தேங்காத, லேசான சரிவுள்ள தரை வேண்டும். தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களும் யூகலிப்டஸ் மரங்களும் பலத்த காற்றில் கிளையை முறித்துப் போடும். அவற்றின் அடியில் கூடாரம் கூடாது. வாசல் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும். நான்கு பேர் கூடாரம் என்று விற்பதில் பைகளோடு மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்கலாம். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் உட்புறத் துணியில் திரண்டு விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மேலே உள்ள வலைத் திறப்பைச் சிறிதளவாவது திறந்து வைக்க வேண்டும்.

இரவுச் சமையலை எளிமையாக வைத்துக்கொள்ளலாம். கோழியை வீட்டிலேயே மசாலா தடவி, உறையவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தால் மாலைக்குள் தானாக இளகிச் சுடுவதற்குத் தயாராக இருக்கும். சைவக்காரர்களுக்குப் பன்னீரையும் காளானையும் தனிக் கம்பியில் குத்தி, முதலில் சுட்டுக் கொடுத்துவிட வேண்டும். அசைவம் சுட்ட கம்பியை அவர்களிடம் நீட்டினால் அன்றைய இரவின் பேச்சு வேறு திசையில் போய்விடும். நெருப்பை அதற்கென்று கட்டிய குழியில் மட்டும் மூட்டி, படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை அருகில் நீட்டினால் சூடே தெரியாத அளவுக்கு அணைக்க வேண்டும். மிஞ்சிய கரித்துண்டுகளைக் குளிர் காய்வதற்காக ஒரு சட்டியில் போட்டுக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே இறந்துவிடுவார்கள். மலை ஊர்களில் குளிர்காலந்தோறும் இத்தகைய செய்தி வருகிறது.

கோத்தகிரிக் கரடிகளையும் மறந்துவிடக் கூடாது. எண்ணெய் வாசனைக்கும் தின்பண்டங்களுக்கும் அவை கடைகளின் கதவை உடைத்து உள்ளே போவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எண்ணெய்ப் புட்டி, பிஸ்கட், எலும்பு போட்ட குப்பைப் பை எதுவும் கூடாரத்துக்குள்ளும் வெளியிலும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் தங்குமிடத்தின் சமையலறையில் கொடுத்துவிட வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகிறவர் துணைக்கு ஒருவரை எழுப்பிக்கொண்டு, டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். புதருக்கு அருகில் கருங்கல் போலத் தெரிவது காட்டுமாடாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை

ஆறரை மணிக்கு எழுந்து, தேநீருடன் இரண்டு வர்க்கி தின்றுவிட்டு, எட்டு மணிக்கு இறங்கத் தொடங்கினால் போதும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாலபாடம். பிரேக்கை மட்டும் நம்பித் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். காலை உணவு இட்லி, இடியாப்பம் போன்று எளிதில் செரிப்பதாக இருக்கட்டும். வயிறு முட்டப் பூரி தின்றுவிட்டு உயரமான சறுக்கில் ஏறுகிறவரின் பாடு அடுத்தவருக்கும் பாடாகிவிடும்.

பூங்காவின் திறப்பு நேரம், கட்டணம், கல்லூரி மாணவர்களுக்கான சலுகை ஆகியவற்றை முந்தைய நாளே இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் இறங்க நைலான் அல்லது பாலியஸ்டர் உடை கேட்பார்கள். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கில் உராய்ந்து தோலைத் தேய்க்கும், அதன் நூலிழைகள் வடிகட்டியை அடைக்கும். ஜீன்ஸின் பித்தளைப் பொத்தான்கள் சறுக்கையே கீறிவிடும். அங்கேயே உடை வாடகைக்குக் கிடைத்தாலும், சொந்த உடை கொண்டுபோவதே திருப்தி. மோதிரத்தையும் சங்கிலியையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்: குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும்போது மோதிரம் தானாகக் கழன்றுவிடும். கார் சாவியில் மின்னணுச் சில்லு இருப்பதால் அதைப் பையில் போட்டுக்கொண்டு நீந்தாமல் லாக்கரில் வைத்துப் பூட்டுங்கள். லாக்கர் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

உயரமான சறுக்குகளை முதலில் முடித்துவிட்டு, கூட்டம் சேரும் நேரத்தில் அலைக்குளத்துக்குப் போவது நல்ல உத்தி. சறுக்கில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பின் மேல் கட்டி, கணுக்கால்களைக் குறுக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் போனவர் கீழே குளத்தைவிட்டு விலகியதாகப் பணியாளர் சைகை காட்டும் வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பல் உடைவதெல்லாம் அந்தச் சில நொடி அவசரத்தால்தான். அலைக்குளத்தில் அலை தொடங்கும் முன் ஒலி எழுப்புவார்கள். நீச்சல் தெரியாதவர்கள் அதற்குள் இடுப்பளவு ஆழத்துக்கு வந்துவிட வேண்டும். அவர்களோடு நீந்தத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒருவரைத் தண்ணீருக்குள் அமுக்கி விளையாடுவதைக் கண்டிப்பாகத் தடுத்துவிட வேண்டும். மது அருந்தியவரைத் தண்ணீரில் இறங்க விடக் கூடாது; அதில் நட்புக்காகத் தளர்வு காட்டாதீர்கள்.

தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. ஆனால் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். மணிக்கொரு முறை தண்ணீரோ மோரோ குடிக்க வேண்டும். நண்பகல் ஒன்று முதல் மூன்று வரை தரையின் சூடு வெறுங்காலைப் பொசுக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

வண்டி ஓட்ட வேண்டியவர் மதியத்துக்குப் பிறகு தண்ணீரில் இறங்கவே கூடாது. அவர் நிழலில் ஒரு மணி நேரமாவது உறங்க வேண்டும். முந்தைய இரவு கூடாரத்தில் அரைத் தூக்கம், பகலில் நீச்சல், மாலையில் நேர்ச்சாலை என்ற மூன்றும் சேர்ந்தால் கண் தானாகச் செருகும். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் ஓட்டுநருடன் ஒரு மஞ்சள் போர்டு வேனை வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு கார்களுக்கு ஆகும் செலவைவிடப் பெரிய வேறுபாடு வராது. செலவுப் பணத்தைப் புறப்படும் முன்பே ஒருவரிடம் கொடுத்துவைத்து, வண்டியிலேயே கணக்கை முடித்துவிட வேண்டும். வீடு சேர்ந்த பிறகு பணம் கேட்பது யாருக்கும் சங்கடம்.

சொந்தக் கூடாரமாக இருந்தால் திங்கட்கிழமையே மொட்டைமாடியில் விரித்து, அடித்துணியைப் புரட்டிப்போட்டு, தையல் ஓரங்கள் வரை காயவைக்க வேண்டும். பனி ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து, உட்பூச்சு உரியத் தொடங்கும். அடுத்த மழையில் அந்தக் கூடாரம் ஒழுகும்.